எண்ணிக்கை சொல்லாத உண்மை

சமூகத்தை ஆராய இரண்டு வழிகள் உள்ளன. எத்தனை பேர், எவ்வளவு வருமானம் என்று கணக்கெடுப்பது அளவுசார் ஆய்வு. மக்கள் ஒன்றை ஏன் செய்கிறார்கள், தங்கள் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர்களோடு பழகி அறிவது பண்புசார் ஆய்வு. பேச்சைக் கேட்டு எழுதுவது எப்படி ஆய்வாகும் என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு வலுவான தத்துவ அடித்தளம் இருக்கிறது.

இயற்கையைப் பற்றிய அறிவியலும் மனிதனைப் பற்றிய அறிவியலும் வேறு வேறானவை என்று ஜெர்மானியத் தத்துவஞானி வில்ஹெல்ம் டில்தே 1883-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கல் கீழே விழுவதற்குக் காரணம் உண்டு. ஆனால், கல்லுக்கு நோக்கம் இல்லை. மனிதனின் செயலுக்கோ நோக்கமும் பொருளும் உண்டு. செய்கிறவர் தம் செயலுக்குத் தரும் பொருளை விளங்கிக்கொண்டு, அதன்வழி காரணத்தையும் விளக்குவதே சமூகவியலின் பணி என்றார் பின்னர் வந்த மாக்ஸ் வேபர்.

இதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், 1978 முதல் 1980 வரை கெடாவின் மூடா சமவெளியில், நெல் பயிரிடும் ஒரு மலாய்க் கம்பத்தில் தங்கி ஆராய்ந்தார். நீர்ப்பாசனத் திட்டத்தால் அங்கே ஆண்டுக்கு இரு போகம் விளைந்தது. பிறகு அறுவடை இயந்திரங்கள் வந்தன. அறுப்பையும் கதிரடிப்பையும் நம்பியிருந்த ஏழைகள் வேலை இழந்தனர். ஆனாலும், கலகம் எதுவும் நடக்கவில்லை. கணக்கை மட்டும் பார்த்தவர், ஊர் அமைதியாக இருக்கிறது என்றே எழுதியிருப்பார்.

ஸ்காட் கண்டது வேறு. இயந்திரத்தை அமர்த்தியவர்களின் வயலில் நாற்று நட, பெண்கள் நேரடியாக மறுக்காமல் சாக்குச் சொல்லித் தாமதித்தனர். வசதி படைத்தவர்களைப் பற்றி ஏழைகள் புறம் பேசினர். ஒரே மாற்றத்தைப் பற்றி இரு தரப்பினரும் இரு விதமாகச் சொன்னார்கள். இவற்றை எதிர்ப்பின் வடிவங்களாகவே அவர் கண்டார். இந்த ஆய்வு 1985-இல் நூலாக வந்தது.

கேட்டதையெல்லாம் நம்புவதும் ஆய்வாகாது. இரு தரப்பையும் கேட்க வேண்டும். சொல்லையும் செயலையும் ஒப்பிட வேண்டும். ஸ்காட் வருமானக் கணக்கையும் சேர்த்தே எடுத்தார். ஒரு கம்பத்தில் கண்டது எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று அறிய எண்ணிக்கையும் தேவை.

ஏழையின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிடுவது எளிது. அது சம்மதமா, அச்சமா, கோபமா என்று அறிய, அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.