கவசமே சூட்டைக் கூட்டுமா?

பலாபத்வல ஊரின் வானில் எரிகல் ஒன்று கோடிழுத்து மறையும்போது, காற்றோடு உரசியே அது எரிகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில், விலக நேரமின்றி முன்னால் நசுங்கும் காற்றுதான் பெரும்பகுதி வெப்பத்தைத் தருகிறது. நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் பூமிக்குத் திரும்பும் விண்கலத்துக்கும் இதே நிலைதான். அதன் முன்னால் உள்ள காற்று பல ஆயிரம் பாகைக்குச் சூடேறுகிறது. ஒட்சிசன் மூலக்கூறுகள் அணுக்களாக உடைகின்றன. நைதரசனும் ஓரளவு உடைகிறது.

உடைந்த அணுக்கள் மறுபடி சேரும்போது, உடைக்கச் செலவான சக்தி வெப்பமாக வெளியேறும். எங்கே சேர்கின்றன என்பதுதான் கேள்வி. விண்கலத்தின் வெப்பக் கவசத்தின் மேற்பரப்பு நல்ல ஊக்கியாக இருந்தால், அணுக்கள் அதன் மேலேயே சேர்ந்து வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடும். செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள் அப்படிப்பட்டவை. சிலிக்கா அணுக்களைச் சேர்த்துவைப்பதில் மந்தம். அதனால் சூடும் குறைவு.

இதை 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் வானிலேயே காட்டியது. அதன் அடிப்புறக் கவசத்தில் சில ஓடுகளுக்கு மட்டும் நல்ல ஊக்கியான, இரும்பு, கோபால்ட், குரோமியம் கலந்த ஒட்சைட்டுப் பூச்சைப் பூசினார்கள். அந்த ஓடுகள் வழக்கமான சிலிக்கா ஓடுகளைவிடத் தெளிவாக அதிகம் சூடேறின.

தரையில் இதை அளக்கப் பயன்படுவது பிளாஸ்மா காற்றுச் சுரங்கம். பெல்ஜியத்தின் வான் கார்மான் நிறுவனத்தில் உள்ள 1.2 மெகாவாட் இயந்திரத்தில், மின்சுருள் ஒன்று வாயுவைத் தொடாமலே பிளாஸ்மாவாகும் அளவுக்குச் சூடாக்குகிறது. மின்முனைகள் இல்லாததால் உலோக ஆவி கலந்து அளவீட்டைக் கெடுப்பதில்லை.

காற்றழுத்தம் மிகக் குறைந்த அறைக்குள் பிளாஸ்மா பாய்கிறது. முதலில், நீர் ஓடும் செம்பு உணரியை அதன் எதிரே நிறுத்துவார்கள். நீர் ஓடும் வேகமும் அது எவ்வளவு சூடேறியது என்பதும் தெரிந்தால், வந்து சேரும் வெப்பம் தெரிந்துவிடும். பிறகு அதே இடத்துக்குக் கவசத் துண்டு வரும். அது தகதகவென ஒளிர, கண்ணாடிச் சாளரத்தின் வழியே கதிர்வீச்சு வெப்பமானி அதன் வெப்பநிலையைப் படிக்கும். அதிலிருந்து தெரியவரும், துண்டு ஏற்ற வெப்பத்தை வாயு ஓட்டத்தின் கணிப்போடு ஒப்பிட்டால், மோதும் அணுக்களில் எத்தனை பங்கு சேர்கின்றன என்ற எண் கிடைக்கும்.

விண்வெளியிலிருந்து திரும்பிய இந்தியாவின் எஸ்.ஆர்.ஈ.-1 கலம் 2007 ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் பத்திரமாக இறங்கியது. அதன் கவசத்திலும் சிலிக்கா ஓடுகள் இருந்தன.

அணுக்களில் எத்தனை பங்கு சேரும் என்ற எண்ணை அளக்காமல், எல்லா அணுக்களும் மேற்பரப்பில் சேரும் என்று கொண்டு வடிவமைத்தால் கவசம் தேவைக்கு மேல் கனக்கும். எதுவும் சேராது என்று கொண்டால் உயிருக்கே ஆபத்து. படிந்த அழுக்கும் ஒட்சியேற்றமும் இந்த எண்ணை மாற்றிவிடும் என்பதால், புதிய ஓட்டை மட்டுமல்ல, பறந்து பழகிய ஓட்டையும் சோதித்தாக வேண்டும்.