பச்சை மரம் துப்பாக்கிக் கட்டைக்கு ஏன் ஆகாது?

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் வேட்டைக்கு வைத்திருந்தது, குழல்வாயில் கருமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. (1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.) அதன் கட்டையைத் தோட்டத்துப் பலாவை வெட்டிய கையோடு செதுக்கினால் என்ன ஆகும்?

சுருங்கும்; அதுவும் கோணலாக. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மரத்தின் செல்சுவர்கள் நீரை இழக்கின்றன. சுவரின் நுண்ணிழைகள் பெரும்பாலும் நெடுக்கே ஓடுவதால் நீளம் அவ்வளவாகக் குறையாது. குறுக்கேதான் வம்பு: வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், மையம் நோக்கிய திசையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இரும்புக் குழலோ அசையாது. கட்டை முறுக்கிக்கொள்ளும், விசைப்பொறிக்குக் குடைந்த பள்ளம் இறுகி, குதிரை சிக்கும். பொறி செய்வதைவிடப் பொறுமையாக மரம் உலர்த்துவதே கடினம் என்பேன். வெட்டுமுனை வழியே ஈரம் வேகமாக வெளியேறி மரம் வெடிக்கும் என்பதால், அங்கே மெழுகு பூசி நிழலில் அடுக்குகிறார்கள்.