பணப்பையும் அட்டையும்

‘மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்’ என்பது பழமொழி. பொருளோடு வழிச் செல்வார்க்கு அச்சமும் உடன் செல்லும் என்பது இதன் கருத்தாகும். ஆதலின், பணத்தைக் காத்துச் செல்லும் வகைகளை நம் முன்னோர் பலவாக அறிந்திருந்தனர். ஆடவர் வேட்டி மடிப்பில் காசைச் செருகினர். மகளிர் முந்தானை நுனியில் முடிந்தனர். முதியோர் இடுப்பில் சுருக்குப்பை வைத்திருந்தனர். மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதிக்குக் காய்கறி வாங்க வரும் மூதாட்டியர் சிலரிடம் அச்சுருக்குப்பையை இன்றும் காணலாம்.

அக்கனத்தைக் குறைக்க இக்காலத்தில் வந்தது அட்டை. தியாகராயநகரில் பட்டாடையோ பொன்னணியோ வாங்குவோர் இன்று பணக்கட்டுகளைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. கடையிலுள்ள கருவியில் அட்டையைச் செருகி, தமக்குரிய மறை எண்ணை அழுத்துகின்றனர். கருவி அச்செய்தியை வங்கிக்கு அனுப்புகின்றது. வங்கி கணக்கைப் பார்த்து இசைவு தருகின்றது. இவையாவும் சில நொடிகளில் நிகழ்கின்றன. அட்டை களவு போயின், உடனே வங்கிக்கு அறிவித்து அதனை முடக்கிவிடலாம். களவு போன பணத்திற்கு அத்தகைய வழி இல்லை.

அட்டை இருவகைப்படும். பற்று அட்டை நம் கணக்கிலுள்ள பணத்தை எடுத்துக் கொடுப்பது. கடன் அட்டை வங்கியின் பணத்தை நமக்குக் கடனாகத் தருவது. அக்கடனைக் குறித்த நாளுக்குள் முழுதும் செலுத்தாவிடின் வட்டி ஏறும். தாள்களை எண்ணிக் கொடுக்கும் கைக்குச் செலவின் அளவு தெரியும். அட்டையை நீட்டும் கைக்கோ பத்து ரூபாயும் பதினாயிரம் ரூபாயும் ஒன்றே போல் தோன்றும். இது விழிப்போடு இருக்க வேண்டிய இடமாகும்.

மற்றொரு குறையும் உண்டு. அட்டை தானே பணமன்று. வங்கியிலுள்ள பணத்தைத் திறக்கும் திறவுகோல் போன்றது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லையேல் அத்திறவுகோல் திறவாது. இதனைச் சென்னை மக்கள் பட்டறிந்தனர்.

2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, அப்போது வழங்கிய 500, 1000 ரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லா என நடுவண் அரசு அறிவித்தது. ஏ.டி.எம். நிலையங்களின் முன் மக்கள் நெடிய வரிசையில் நின்றனர். பின்னர் நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அங்கு எடுத்தல் இயலாதிருந்தது. கையில் தாள் அருகவே, அட்டையே துணை எனப் பலர் கருதினர். அந்நிலையில் டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. பெருமரங்கள் வேரொடு சாய்ந்தன. மின்சாரம் நின்றது; தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. ஏ.டி.எம். நிலையங்கள் பல மூடிக் கிடந்தன; கடைகளில் அட்டைக் கருவிகள் இயங்கவில்லை. வங்கியில் பெரும்பொருள் வைத்திருந்தவரும் பாலுக்கும் மெழுகுவத்திக்கும் காசின்றித் தவித்தனர். மடியில் கனமிருத்தல் மட்டுமன்று, மடி முற்றும் வெறுமையாதலும் அச்சத்திற்கு ஏதுவாகும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

அதே 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் முறை தொடங்கியது. இன்று கோயில் வாயிலில் பூக்கட்டி விற்பவரும் கைபேசி வழியே பணம் பெறுகின்றனர். அட்டைக் கருவி வைக்க இயலாத சிறுவணிகர்க்கு இது பெருநன்மையே. ஆயினும் இம்முறையும் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் நம்பி நிற்பதேயாகும்.

ஆதலின் மாணவர்களே, பெருஞ்செலவிற்கு அட்டையைக் கொள்ளுங்கள். மறை எண்ணை எவர்க்கும் உரையாதீர்கள். அட்டையில் செலவிட்டதையும் கையால் கொடுத்ததையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் உணவிற்குப் போதுமான சிறு தாள்களும் சில்லறையும் வீட்டில் என்றும் இருக்கட்டும். புயல் நாளில் அவை உங்களுக்கு உதவும். கையில் ஒன்றுமில்லாத அண்டை வீட்டாருக்கும் உதவும்.