குளிர் நின்ற காரில் குறை எங்கே?

கத்திரி வெயில் தொடங்கியதும் நம் ஊர் மோட்டார் பட்டறைகளில் ஒரே முறையீடு கேட்கிறது: “காரில் குளிர் வரவில்லை.” அதற்குக் கிடைக்கும் மறுமொழியும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றே. “கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பித் தருகிறோம்” என்பது முதலாவது. “கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்றவேண்டும்” என்பது இரண்டாவது. முன்னது சிறு செலவு. பின்னதோ நடுத்தரக் குடும்பமொன்றின் மாத வரவு செலவையே நிலைகுலையச் செய்யவல்லது. இவ்விரண்டும் சில வேளைகளில் உண்மையே. ஆனால் ‘ஏன்?’ என்ற கேள்வி எழாமலே அவை சொல்லப்படும்போது, பணம் செலவாவதோடு பழுதும் மறுபடி வந்து நிற்கிறது. எனவே எந்தக் குறி எந்தப் பழுதைக் காட்டுகிறது என்பதைக் கார் வைத்திருக்கும் குடும்பத்தார் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

கம்ப்ரஸரின் பணி

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. காரினுள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இவ்வேலையைச் செய்வது குழாய்களுக்குள் சுற்றிவரும் குளிரூட்டி வாயு. கம்ப்ரஸர் அதனை அமுக்கி, அழுத்தமும் சூடும் மிகுந்த ஆவியாக அனுப்புகிறது. காரின் முன்புறமுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடந்து, சிறு துளையுள்ள வால்வின் வழியே பீறிட்டு, காரினுள் இருக்கும் குளிர்ச்சுருளில் மீண்டும் ஆவியாகிறது. அவ்வாறு ஆவியாகும்போதுதான் நம்மைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை அது கவர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவின் பாக்கார்ட் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் கார்களில் இவ்வசதியை அறிமுகம் செய்தபோது கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமெனில் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டையே கழற்றவேண்டியிருந்தது. பின்னர் வந்த மின்காந்தக் கிளட்ச், பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸரை எஞ்சினோடு பிணைக்கிறது; தேவையற்றபோது விடுவிக்கிறது. இன்றைய கார்கள் சிலவற்றில் கிளட்ச் இல்லாமல், அமுக்கும் அளவையே கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஸர்களும் உள்ளன.

கேஸ் தானாகத் தீர்வதில்லை

பெட்ரோலைப் போல் கேஸும் எரிந்து தீர்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மூடிய குழாய்களுக்குள் அதே வாயுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் சுழல்தண்டின் அடைப்பின் வழியாகவும் ஆண்டுகள் செல்லச்செல்லச் சிறிதளவு கசியலாம். ஆனால் கோடைதோறும் கேஸ் நிரப்பவேண்டியிருந்தால், எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்பதே பொருள்.

இதில் இன்னொரு தீங்கும் உண்டு. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் அந்த வாயுவோடு கலந்துதான் சுற்றுகிறது. வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறைகிறது. உலர்ந்து உராய்ந்து கம்ப்ரஸர் இறுகிப்போகிறது. இதைத் தடுக்கவே, அழுத்தம் குறைந்ததும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும் காவல் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே கம்ப்ரஸர் ஓடாமல் நிற்பது அது கெட்டுவிட்டதற்கு அடையாளமாக இராமல், தன்னைக் காத்துக்கொள்வதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். அந்த ஸ்விட்சைத் தவிர்த்து, நேரே மின்சாரம் கொடுத்து அதை ஓடவைப்பது, எஞ்சியிருக்கும் உயிரையும் போக்குவதாகும்.

நாமே காணத்தக்க குறிகள்

கருவியேதும் இன்றி, பார்த்தும் கேட்டும் அறியக்கூடியவை பல.

முதலாவது: காற்று வேகமாக வருகிறதா? குளிர்ச்சியிருந்தும் காற்று மெலிந்து வந்தால், கம்ப்ரஸரைக் குறைகூற இடமில்லை. காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கும். அல்லது ஊதும் விசிறி பழுதாயிருக்கும்.

இரண்டாவது: ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் பக்கம் ‘டக்’ என்ற ஓசை கேட்கிறதா? கிளட்ச் உள்ள காரில் அது கேட்கவில்லையெனில் ஃப்யூஸ், ரிலே, மின்கம்பி, காவல் ஸ்விட்ச் ஆகியவற்றை முதலில் சோதிக்கவேண்டும். எஞ்சின் அளவுக்குமீறிச் சூடானாலும் பல கார்களில் கம்ப்ரஸர் தானே நிறுத்தப்படும்.

மூன்றாவது: அடிக்கடி ஓடி அடிக்கடி நிற்கிறதா? வாயு குறைந்திருப்பதற்கு இது பெரும்பாலான அடையாளம். குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் கசிவு அங்கே இருக்கக்கூடும்.

நான்காவது: சாலையில் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது குளிர் குறைகிறதா? கண்டென்சருக்கு முன் வீசும் விசிறி சுழலாமலிருக்கலாம். அல்லது அதன் இடுக்குகளில் சேறும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம்.

ஐந்தாவது: முதலில் குளிர்ந்து, அரைமணி கழித்து நின்று, ஓய்வு கொடுத்தபின் மறுபடி குளிர்கிறதா? குளிர்ச்சுருளில் பனி உறைவதாலோ, உள்ளே புகுந்த ஈரம் வால்வில் உறைவதாலோ, சூட்டில் கிளட்ச் பிடி தளர்வதாலோ இது நேரலாம். பின்னதற்கு, கிளட்ச் தகட்டின் இடைவெளியைச் சரிசெய்தலே சில வேளைகளில் போதுமானது.

ஆறாவது: இரைச்சல் எப்போது எழுகிறது? ஏ.சி. நிறுத்தியிருக்கும்போதும் கேட்டால், எப்போதும் சுழலும் கப்பியின் பேரிங்கை ஐயுறலாம். பல வண்டிகளில் அதை மட்டும் தனியே மாற்றலாம். ஏ.சி. போட்டதும் கடகடவென்று கேட்டால் குறை கம்ப்ரஸரினுள் இருக்கக்கூடும். பெல்ட் கிறீச்சிட்டுக் கருகல் நாற்றம் வந்தால் உடனே ஏ.சி.யை நிறுத்தவேண்டும். அப்பெல்ட் அறுந்தால் பல கார்களில் பாட்டரிக்கு மின்னேற்றமும் நின்றுபோகும்.

காரின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவது பழுதன்று. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதே அது.

இவற்றுக்கு அப்பால் குழாய்களைத் தளர்த்தும் வேலையில் நாம் இறங்கலாகாது. ஆர்-134ஏ என்னும் குளிரூட்டி, வெளிக்காற்றின் அழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியில் கொதிப்பது. அது பீறிட்டுப் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து ஊறுபடும். மின்சாரக் கார்களில் கம்ப்ரஸரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதனை அத்தொழிலில் பயிற்சி பெற்றவரே தொடவேண்டும்.

அழுத்தமானி கூறும் சான்று

பட்டறையில் இரண்டு அழுத்தமானிகளைப் பொருத்திப் பார்ப்பர். எஞ்சின் ஓடும்போது, தாழ்ந்த பக்கமும் உயர்ந்த பக்கமும் அளவில் குறைந்திருந்தால் வாயு குறைவு எனலாம். இரண்டும் மிகுந்திருந்தால் கண்டென்சர் வெப்பத்தை விடவில்லை, அல்லது வாயு மிகையாக நிரப்பப்பட்டுள்ளது. தாழ்ந்த பக்கம் ஏறியும் உயர்ந்த பக்கம் இறங்கியும் இரண்டும் நெருங்கி நின்றால், கம்ப்ரஸர் அமுக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்று ஐயுற இடமுண்டு. கம்ப்ரஸரை மாற்றச் சொல்பவரிடம் இவ்வளவுகளைக் காட்டும்படி கேட்பது அவமதிப்பன்று. தொழிலறிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

மாற்றத்தான் வேண்டுமெனில்

உள்ளே உடைந்த கம்ப்ரஸர் உலோகத் துகள்களைக் குழாயெங்கும் பரப்பியிருக்கும். அவற்றை அகற்றாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் அதே முடிவை எய்தும். எனவே குழாய்களைக் கழுவுதல், டிரையரை மாற்றுதல், துகள் சிக்கிய கண்டென்சரைத் தேவைப்படின் மாற்றுதல் ஆகியவை தவிர்க்கவியலாதவை. எண்ணெய், அந்த வண்டிக்குரிய வகையிலும் அளவிலும் இருக்கவேண்டும். பின்பு காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் நன்கு வெளியேற்றி, கசிவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, எஞ்சின் மூடியினுள் குறித்துள்ள எடைப்படி வாயுவை நிரப்பவேண்டும். பல சிறு கார்களுக்கு அது அரைக் கிலோவுக்கும் குறைவே. ‘கொஞ்சம் அதிகமாகவே போடுங்கள்’ என்று நாம் சொல்வது நமக்கே கேடு.

ஆகவே வண்டியைப் பட்டறையில் விடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். கசிவு எங்கே? இந்தப் பழுதுக்குக் காரணம் யாது? காரணம் நீக்கப்பட்டதா? இவற்றுக்கு நேரிய விடை கிடைத்தபின் செய்யும் செலவு எத்துணைப் பெரிதாயினும் வீண்போகாது. விடை கிடைக்காத இடத்தில், சிறு செலவும் அடுத்த கோடையில் மறுபடி நம் வாசலில் வந்து நிற்கும்.