பெயருக்குப் பின்னால் ஒரு கட்டம்

சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பாஸ்போர்ட் விண்ணப்பத்துடன் மதரஸாவுக்கு வந்தார். "ஹஜ்ரத், எழுதியது சரிதானா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்றார். அவர் பெயர் அப்துல் ரஹ்மான். பெயருக்கான கட்டத்தில் 'அப்துல்' என்றும், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் 'ரஹ்மான்' என்றும் எழுதியிருந்தார். கட்டம் காலியாக இருந்தால் தொல்லை என்று யாரோ சொன்னார்களாம்.

அப்து என்றால் அடியான். 'அப்துல்' என்று நிறுத்திவிட்டால், 'இன்னவனுடைய அடியான்' என்னும் தொடரில் எவனுடைய அடியான் என்பது விடுபட்டுப் போகிறது. மீதியுள்ள ரஹ்மானோ இறைவனின் திருநாமம். அதை மனிதர் ஒருவரின் குடும்பப் பெயராக்குவது எவ்வாறு? ஆனால் தவறு அந்தப் பிள்ளையுடையதன்று. அந்தக் கட்டமே நம் பெயர்களுக்காக வரையப்பட்டதன்று.

குடும்பப் பெயர் எனும் வழக்கம் உலகெங்கும் ஆதிதொட்டு இருந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறில்லை. ஜப்பானில் பொதுமக்கள் அனைவரும் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று அரசு ஆணையிட்டது 1875-இல்தான். வயலையும் மலையையும் பார்த்து வைத்துக்கொண்டவர் பலர். 'தனாகா' என்றால் வயல் நடுவில் இருப்பவர். 'யமமோத்தோ' என்றால் மலையடிவாரம்.

துருக்கியின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. அங்கே 1934 ஜூன் 21 அன்று குடும்பப் பெயர்ச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் துருக்கி முஸ்லிம்களில் பெரும்பாலோர் தம் பெயருடன் தந்தை பெயர், ஊர், தொழில், பட்டப்பெயர் இவற்றுள் ஒன்றைச் சேர்த்து அறியப்பட்டனர். படைக்கு ஆள் எடுக்கவும் வரி தண்டவும் பதிவேடு வைத்த அரசுக்கு, ஒரே ஊரில் பத்து அஹ்மதுகள் இருப்பது பெரும் இடைஞ்சலாயிற்று. குறித்த காலத்துக்குள் பெயரைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு அதிகாரிகளே ஒன்றைச் சூட்டிவிட்டார்கள். 'யில்மாஸ்' (அஞ்சாதவர்), 'தெமிர்' (இரும்பு), 'காயா' (பாறை) என்று வீரம் தொனிக்கும் பெயர்கள் நாடெங்கும் பெருகியது இவ்வாறுதான்.

அதே ஆண்டு நவம்பரில் முஸ்தபா கமாலுக்கு நாடாளுமன்றம் 'அத்தாதுர்க்' என்னும் பெயரை வழங்கியது. அப்பெயர் வேறு எவருக்கும் கூடாது என்றும் விதித்தது. உடன்பிறந்த சகோதரி மக்பூலாவுக்கும் அது கிட்டவில்லை; அவர் 'அத்தாதான்' என்று வேறு பெயர் பூண்டார். குடும்பத்தைக் காட்ட வந்த பெயர் அண்ணனையும் தங்கையையும் இரு குடும்பமாக்கிற்று! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய குடும்பப் பெயர்களில் இடம்பெறக் கூடாதவை என அச்சட்டத்தின் விதிகள் பட்டியலிட்ட சொற்களுள் 'பின்' என்பதும் ஒன்று. தந்தையைச் சுட்டும் அதே 'பின்'தான்.

அரபியரின் பெயர் முறையில் ஒரு கட்டம் போதாது. ஹதீஸ் கலையின் பேரறிஞர் ஒருவரை நாம் 'புகாரி' என்கிறோம். அது அவருடைய பெயரன்று. இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரத்தவர் என்பதைக் குறிக்கும் 'நிஸ்பா'. அவருடைய பெயர் முஹம்மத். தந்தையைக் காட்டும் 'நஸப்' இப்னு இஸ்மாயீல். மதிப்புடன் அழைக்கும் 'குன்யா' அபூ அப்துல்லாஹ். பெயரைக் கேட்டவுடன் மனிதரும் மரபும் மண்ணும் விளங்கிவிடும். பெண்ணும் மணமான பின் தந்தை பெயராலேயே அறியப்பட்டார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் என்றும் அபூபக்கரின் மகளே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை 'முஹம்மதின் மகன் ஸைத்' என்றே மக்கள் அழைத்து வந்தனர். இறைக்கட்டளை வந்தபின் பெற்ற தந்தையின் பெயரோடு ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்கள்.

தொழிலும் பெயராகும். அரபியில் 'ஹத்தாத்', ஆங்கிலத்தில் 'ஸ்மித்', ஜெர்மனில் 'ஷ்மிட்', ஹங்கேரியில் 'கோவாச்' எல்லாரும் கொல்லர்களே. ரஷ்யாவின் 'குஸ்னெத்சோவ்' கொல்லன் மகன். ஊருக்கு ஊர் உலைக்களம் இருந்தது, ஊருக்கு ஊர் பெயரும் இருந்தது.

ஐரோப்பாவிலேயே குடும்பப் பெயரின்றி இன்றும் செவ்வனே வாழும் நாடு ஐஸ்லாந்து. 1980 முதல் 1996 வரை அதன் அதிபராக இருந்த அம்மையார் விக்தீஸ் ஃபின்போகாதோத்திர். பின்பகுதியின் பொருள் 'ஃபின்போகியின் மகள்' என்பதே. அவருக்குச் சகோதரன் இருந்தால் 'ஃபின்போகாசோன்'. நம்மூர் இனிஷியலுக்கு நெருங்கிய உறவு இது.

நம்மிடையே ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்னும் பெயர்கள் உண்டென்றாலும் அவை சமூகத்தைச் சுட்டுவனவே. குதிரை வீரரைக் குறித்த சொல் ராவுத்தர் என்பர். ஆனால் நம் சான்றிதழ்களில் முன்னே நிற்பது தந்தையின் முதலெழுத்துத்தான். ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் 'ஜெ' தந்தையார் ஜைனுலாபுதீன். அவரையும் நாம் 'கலாம்' என்று பாதிப் பெயரால் அழைத்தே பழகிவிட்டோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. 'பின்'னும் 'பின்த்'தும் பிறந்த அரபு மண்ணிலிருந்தே இப்படியோர் அறிவிப்பு!

மாணவரின் படிவத்துக்கு வருகிறேன். 'அப்துல் ரஹ்மான்' என்பதை முழுமையாகப் பெயர்க் கட்டத்திலும், தந்தையின் பெயரை முழுமையாகக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதச் சொன்னேன். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் சொன்னேன். எழுதி முடித்தவர் பேனாவை மூடாமல் கேட்டார்: "ஹஜ்ரத், நாளை என் மகனுக்கு இந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதுவதா, இதில் இருக்கும் வாப்பாவின் பெயரையா?"

"உங்கள் பெயரைத்தான் தம்பி" என்றேன். "அப்படியானால் இது குடும்பப் பெயர் இல்லையே ஹஜ்ரத்" என்று சிரித்தார்.