லைசென்ஸ் வந்தாச்சு, ரிவர்ஸ் வருமா? திருப்பூரில் லாரி பழகுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் தயாராவதற்குள் அந்தத் துணி எத்தனை முறை வண்டி ஏறி இறங்கும் தெரியுமா? நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகும். அங்கிருந்து துணி ரோல்கள் சாயப்பட்டறைக்குப் போகும். பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் முடிக்கும் பெரிய நிறுவனங்களும் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில்தான் ஓடுகிறது. ஒரு யூனிட்டுக்கும் அடுத்த யூனிட்டுக்கும் நடுவே ஒரு வண்டி. அந்த வண்டி போய் நிற்க ஒரு கேட். பல கேட்டுகளுக்குள் முன்பக்கமாகப் போய்த் திரும்பி வர இடம் இருக்காது. அதனால் ரிவர்ஸ்தான்.

புதிதாக லாரி பழகுபவருக்கு இந்த ஊரில் உண்மையான பரீட்சை அவிநாசி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544-ல் இல்லை. பைக்குகள் வரிசையாக நிற்கும் சந்தில், ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், பின்பக்கமாக ஒரு கேட்டுக்குள் நுழைவதில்தான் இருக்கிறது. அதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

எந்த வண்டிக்கு எந்த லைசென்ஸ்?

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கனரக வண்டிக்கு நேரடியாகப் போக முடியாது. இலகுரக வாகன லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி., எடுத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் எல்.எல்.ஆரே கிடைக்கும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் தேர்வுக்குப் போகலாம்.

எல்.எல்.ஆர். காலத்தில் தனியாக வண்டி எடுக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். கனரக லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றிதழும் தேவை.

அப்படியென்றால் ‘குட்டி யானை’ ஓட்ட? 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை ஓட்ட எல்.எம்.வி. லைசென்ஸே போதும். திருப்பூரில் துணி ரோல் ஏற்றிக்கொண்டு ஓடும் சின்ன வண்டிகள் பல இந்த எடைக்குள்தான் வருகின்றன. அதாவது, கார் ஓட்டிப் பழகிய ஒருவர் சட்டப்படி நாளைக்கே ஒரு சரக்கு வண்டியில் உட்காரலாம். ஆனால் கார் கண்ணாடி வழியாகப் பின்பக்கம் பார்த்துப் பழகியவருக்கு, மூடிய பாடி கட்டிய வண்டியில் நடுக்கண்ணாடியால் பயனே இல்லை.

ரிவர்ஸில் ஏன் குழப்பம் வருகிறது?

முன்னோக்கிப் போகும்போது, வளைவில் பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டும். ரிவர்ஸில் கதை மாறும். பின்பக்கம் வலது போகணும்னா ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கணும். அப்போது வண்டியின் மூக்கு இடது பக்கம் வீசும். புதியவரின் கண் முழுக்கப் பின்பக்கக் கேட் தூண் மேல் இருக்கும். அந்த நேரத்தில் முன்பக்கம் போய் எதிர்ச் சுவரையோ, நிறுத்திவைத்த பைக்கையோ இடிக்கும்.

இரண்டாவது விஷயம், பக்கம். நம் ஊரில் டிரைவர் சீட் வலது பக்கம். வலது பக்கமாக ரிவர்ஸ் எடுத்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்சக்கரம் எங்கே போகிறது என்று நேரடியாகப் பார்க்கலாம். இடது பக்கமாக எடுத்தால் ஒரு கண்ணாடியை மட்டுமே நம்ப வேண்டும். அந்தக் கண்ணாடியிலும் எல்லாம் தெரிந்துவிடாது. அதனால் அனுபவசாலிகள் ஒரு சுற்று கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்று கேட் வலது பக்கம் வருவது மாதிரி வந்து நிற்பார்கள்.

டிரெய்லர் வந்தால் எல்லாம் தலைகீழ்

ஏற்றுமதிச் சரக்கு தூத்துக்குடி துறைமுகத்துக்கோ கொச்சிக்கோ கண்டெய்னரில் போகிறது. 40 அடி கண்டெய்னர் மட்டுமே 12.19 மீட்டர் நீளம். அதற்கு முன்னால் இழுவை வண்டி வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு இருப்பதால் ரிவர்ஸ் கணக்கு மாறுகிறது. டிரெய்லரின் வால் வலது போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் இடது பக்கம் திருப்பணும். வால் திரும்பத் தொடங்கியதும், ஸ்டியரிங்கை வலது பக்கம் கொண்டுவந்து டிரெய்லரைப் பின்தொடரணும். கொஞ்சம் தாமதித்தாலும் இழுவை வண்டியும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிவிடும். அப்போது ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது. நிறுத்தி, முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி ஆரம்பிக்கணும்.

பழகுபவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும்.

கிளீனர் சீட் காலியானால்...

ஓட்டுநர் தேர்வு விதிகளிலேயே பின்னோக்கி ஓட்டி, வலதோ இடதோ ஒரு குறுகிய திறப்புக்குள் கட்டுப்பாட்டோடு நுழைய வேண்டும் என்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி என்ற முறை 2021-ல் வந்தது. அதற்கு முன்பே, 1995-ல் நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் தொடங்கியது. ஆக, பாடம் இல்லாமல் இல்லை.

ஆனால் நம் பக்கத்து டிரைவர்களில் பலர் ரிவர்ஸ் கற்றது பயிற்சி மைதானத்தில் அல்ல, கிளீனராக இருந்த வருடங்களில். கிளீனர் பின்னால் நின்று “வரலாம்... வரலாம்...” என்று குரல் கொடுப்பார். பாடியைத் தட்டி நிறுத்துவார். ஓட்டுவதற்கு முன்பே, வண்டி எங்கே வீசும், எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வெளியிலிருந்து பார்த்துப் பழகியிருப்பார். இன்று பல வண்டிகளில் கிளீனர் இல்லை. கூலி கட்டுப்படி ஆகவில்லை, ஆளும் கிடைப்பதில்லை. இதனால் இரண்டு இழப்பு: புது டிரைவருக்கு அந்தப் பயிற்சிக் காலம் இல்லை, வண்டிக்குப் பின்னால் கண்ணும் இல்லை.

அமெரிக்கா இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 2022 பிப்ரவரி 7 முதல் அங்கே புதிதாகக் கனரக லைசென்ஸ் எடுப்பவருக்கு இத்தனை மணி நேரம் என்று குறைந்தபட்சக் கணக்கு கிடையாது. நேராகப் பின்னால் எடுப்பது, பக்கவாட்டில் நகர்ந்து பின்னால் எடுப்பது, குறுகிய சந்தில் திரும்பி டாக்கில் சேர்ப்பது ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் தேறிவிட்டார் என்று பயிற்சியாளர் சான்று தந்த பிறகுதான் தேர்வுக்கே போக முடியும்.

பழகுபவர் என்ன செய்யலாம்?

* ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். தரையில் குழி, மேலே கேபிள், பால்கனி, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் பாருங்கள்.
* ஏர் பிரேக் வண்டியில் ஏர் முழுசாக ஏறும் வரை நகர்த்தாதீர்கள்.
* பாட்டை அணையுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்குங்கள். காதும் ஒரு கண்தான்.
* சமதளத்தில் ஆக்சிலரேட்டர் வேண்டாம், கிளட்சிலேயே ஊர்ந்து போங்கள்.
* சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள். நான்கு தடவை முன்னால் எடுத்துச் சரிசெய்வது அவமானம் இல்லை.
* சைகை காட்டுபவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்த நொடியே பிரேக்.

முதல் 100 ரிவர்ஸை சந்தில் எடுக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் மைதானத்தில் பழைய டயர்களைக் கேட் தூண் மாதிரி வைத்துப் பழகலாம். முதலில் இடைவெளி அகலமாக இருக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

கம்பெனியின் பங்கு என்ன?

வேலையிடங்களில் வாகனங்களால் ஏற்படும் மரணங்களில் கிட்டத்தட்ட கால்வாசி, வண்டி பின்னோக்கி வரும்போது நடக்கிறது என்று பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. இதில் உயிர் போவது பெரும்பாலும் வண்டிக்குள் இருப்பவருக்கு அல்ல. லோடுமேன், வாட்ச்மேன், டீ வாங்கப் போன பையன் என வெளியில் நிற்பவருக்கு.

தடுப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. கேட்டில் ஒருவர், ஒரே ஒருவர், சைகை காட்டணும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினால் டிரைவருக்கு எதுவும் புரியாது. சைகை காட்டுபவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நிற்கக் கூடாது. டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிற்கணும். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே லோடு ஏற்றணும். ஷிப்ட் முடிகிற அரை மணி நேரம் ரிவர்ஸ் வேண்டாம் என்று ஒரு விதி போட்டாலே பாதிப் பதற்றம் குறையும்.

இதைப் படிக்கும் நீங்கள் மெர்ச்சன்டைசராகவோ புரொடக்‌ஷனிலோ இருக்கலாம். “இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரக்கு ஏறணும்” என்று போன் போடும்போது, “கேட்ல சைகை காட்ட ஆள் இருக்காங்களா?” என்றும் சேர்த்துக் கேளுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனாக இருந்தால், அந்த ஒரு கேள்வி அவனுக்குக் கிளீனர் மாதிரி.