முகம் காணாத நட்பு

‘தோஸ்தி’ என்னும் இந்திச் சொல்லுக்கு நட்பு என்பது பொருள். அப்பெயருடைய திரைப்படம் ஒன்று 1964-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாராசந்த் பர்ஜாத்யா தயாரித்த அதனைச் சத்யேன் போஸ் இயக்கினார். பெயர் பெற்ற நடிகர் எவரும் அதில் தலைமை வேடம் தாங்கவில்லை. சுதிர் குமார், சுசீல் குமார் என்னும் இரு இளைஞரே கதை முழுவதையும் சுமந்தனர். ஆயினும், அவ்வாண்டின் சிறந்த படத்திற்குரிய பரிசு உட்பட ஆறு பிலிம்பேர் விருதுகள் அதற்குக் கிடைத்தன.

கதை எளியது. இராமு என்னும் சிறுவனின் தந்தை ஆலைத் தொழிலாளி. அவர் விபத்தில் இறக்கிறார். ஆலையார் இழப்பீடு தர மறுக்கின்றனர். அவ்வதிர்ச்சியில் தாயும் மறைகிறாள். இராமுவோ மற்றொரு விபத்தில் கால் ஊனமுற்று, குடியிருந்த வீட்டினின்றும் வெளியேற்றப்படுகிறான். தெருவில் அவன் சந்திக்கும் மோகன் கண்ணொளி இழந்தவன். உடன்பிறந்தாளைத் தேடி நகருக்கு வந்தவன். ஒருவன் வாயிசைக் கருவி வாசிக்க, மற்றவன் பாடுகிறான். நடைபாதையே அவர்களுக்கு வீடாகிறது.

நடைபாதையில் உறங்குவோரை நாள்தோறும் காண்போர் பலர். கண்டும், காணாதவர்போல் விலகி நடப்பவரே அவருள் மிகுதி. இப்படம் பார்வையாளரை அந்நடைபாதையிலேயே அமர்த்திவிடுகிறது. சிறுவர்களின் பக்கத்தில் இருந்துகொண்டு, கடந்து செல்லும் கூட்டத்தை அவர் பார்க்கிறார். விரைந்து செல்லும் அக்கால்களுள் தம் கால்களும் உண்டு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அறிவுரை பல கூறியும் விளங்காத ஒன்றை இவ்விடமாற்றம் விளக்கிவிடுகிறது.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாலத்தின் அடியிலும், பெருங்குழாய்களிலும், தொடர்வண்டி மேடைகளிலும், கோயில் மண்டபங்களிலும் உறங்குவோரை ‘வீடற்றோர்’ எனக் குறிக்கிறது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு எடுத்த கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். எண் பெரிது, ஆனால் எண்ணுக்கு முகம் இல்லை. படம் தருவது இரண்டு முகங்களை.

அவற்றுள் ஒரு முகத்தை மற்றவன் ஒருநாளும் கண்டதில்லை என்பது எண்ணத்தக்கது. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் காணாமலே நட்புக் கொண்டனர் எனத் தமிழிலக்கியம் கூறும். அரண்மனையை நீத்து வடக்கிருந்த மன்னன், தன் நண்பனுக்கும் அருகில் இடம் ஒதுக்கச் சொன்னான். கண் காணாத நட்பு தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் ஒருவர் அரசர், மற்றவர் புலவர். நடைபாதையில் அத்தகைய நட்பு முளைக்கும் என்று எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

மோகன் தேடிவந்த உடன்பிறந்தாள் அவனை வீதியில் காணும்போது, தன் தமையனோ தம்பியோ என ஏற்க நாணி ஒதுங்குகிறாள். இராமுவுக்கு அடைக்கலம் தந்த ஆசிரியரும் மோகனின் தொடர்பை விடுமாறு பணிக்கிறார். கூரை கிடைத்தவன் நண்பனை இழக்கிறான். எனினும், நோயுற்ற நிலையிலும் மோகன் தெருத்தெருவாகப் பாடி, நண்பனுடைய தேர்வுக் கட்டணத்தைச் சேர்க்கிறான். அதனை அவனுக்கு அறிவிக்கவும் இல்லை.

இப்படத்திலும் ஒரு குறை உண்டு. இருவரும் இசை வல்லவராக இருப்பதால் அவர்மீது இரக்கம் எளிதில் பிறக்கிறது. பாடத் தெரியாத வீடற்றவன் என் செய்வான்? அவனுக்கும் அதே குளிர்தான், அதே மழைதான்.

இராமுவின் துயரம் ஓர் ஆலை விபத்தில் தொடங்குகிறது என்பதையும் மறத்தலாகாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே இயற்றப்பெற்றது. கதையில் அது அச்சிறுவனை எட்டவில்லை. ஆலைகள் மிகுந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இப்பகுதி நன்கு விளங்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இவ்வட்டாரத்தில் வேலை செய்கின்றனர். கணக்கெடுப்பின்படி இவர்கள் வீடற்றோர் அல்லர். ஆயினும் வேலை உள்ளவரைதான் வாடகை அறை. கை முறிந்தால் அறையும் ஐயத்திற்குரியதே. பெண் தொழிலாளர்க்கென 18,720 பேர் தங்கத்தக்க விடுதி ஒன்று வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பெற்றது. இது நற்செயலே. கட்டில் தரும் பணியை அரசு செய்யலாம். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் நீர் தருபவரும், மருத்துவரிடம் மொழி தெரியாதவர்க்காகப் பேசுபவரும், ஊரில் உள்ள தாய்க்குச் செய்தி சொல்பவரும் பெரும்பாலும் அடுத்த கட்டிலில் உறங்குபவரே.